தரை தெரிந்த கை

பேரன் படிக்கிற பள்ளிக்கூடத்தில், இயற்கையோடு சேர்ந்து செய்யும் வேலைகள் என்று ஒரு பட்டியல் கொடுத்தனுப்பினார்கள். வனத்துறை அதிகாரி, கால்நடை மருத்துவர், கடல் ஆராய்ச்சியாளர் எல்லாம் இருந்தது. கையால் இறால் பிடிக்கிறவர்கள் இல்லை. எண்ணூர் ஆற்றில் எங்கே என்ன கிடைக்கும் என்று ஆராய்ச்சிக்காரர்கள் எங்களைக் கேட்டுத்தான் எழுதிக்கொண்டு போகிறார்கள்.

பாம்பு பிடிக்கும் எங்கள் இருளர் சனத்தில் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ கிடைத்தது. பாம்பு பிடிப்பவர்களுக்கென்று 1978லேயே கூட்டுறவுச் சங்கம் வந்துவிட்டது. எனக்கு அதில் பெருமைதான். ஆனால் சேற்றுக்குள் இருப்பதைக் கண்ணால் பார்க்காமலே பிடிப்பதும் வித்தைதான் என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

எனக்குக் கற்றுக்கொடுத்தது என் ஆயா. இடுப்பளவுத் தண்ணீரில் குந்தி, இறால் போடும் பறிக்கூடையின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையையும் தரையோடு விட்டுத் தடவ வேண்டும். வாயில் கயிறு இருப்பதால் ஆயா திட்டமாட்டாள். தண்ணீருக்குள்ளேயே என் மணிக்கட்டில் ஒரு தட்டு விழும். சேற்றைக் கிளறாமல் கையை நகர்த்தப் பழகவே ஓர் ஐப்பசி, கார்த்திகை போயிற்று. பகலில் இறால் புதைந்து மீசையை மட்டும் வெளியே விட்டிருக்கும். அது விரலில் பட்டதும் அமுக்கத்தான் தோன்றும். அமுக்கினால் போச்சு. மிரண்ட இறால் முன்னால் போகாது, வாலைச் சுண்டிப் பின்னால் பாயும். ஆகவே மீசையைத் தொட்ட கை அசையக் கூடாது. மறுகை வால் பக்கம் சுற்றிப் போய்க் காத்திருக்க வேண்டும். ஒரு கை சும்மா இருக்க இன்னொரு கை வேலை செய்வது எனக்கு லேசில் பிடிபடவில்லை. கரையேறியதும் ஆயா சொன்னாள்: “முன்கை கேக்கணும், பின்கை பிடிக்கணும். ரெண்டும் பிடிக்கப் போனா ரெண்டும் வெறுங்கைதான்டி.”

இறால் என்று நினைத்துக் கெளுத்தியைப் பிடித்தால் முள் ஏறித் தோள்வரை கடுக்கும். பொறுக்கிற சூட்டில் வெந்நீர் வைத்துக் கையை அமிழ்த்தினால் அடங்கும். ஆயாவுக்கு அது தேவைப்பட்டதில்லை. வழவழப்பிலேயே கெளுத்தி என்று தெரிந்து அவள் கை ஒதுங்கிவிடும்.

மணல் முடிந்து களி தொடங்கும் இடம், நீர் இறங்கும் வத்தத்திலும் தண்ணீர் நிற்கும் குழி எல்லாம் கைக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அந்தத் தரை இப்போது இல்லை. அனல்மின் நிலையத்தின் சாம்பல் குழாய் உடையும்போதெல்லாம் ஆற்றில் சாம்பல் படிந்து, சில இடங்களில் சேறு சிமெண்டுக் குழம்பு மாதிரி ஆகிவிட்டது. 2017 ஜனவரியில் கப்பல்கள் மோதிக் கடலில் எண்ணெய் கொட்டியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு ஆற்றுக்குள்ளேயே எண்ணெய் வந்தது. எண்ணெயையாவது துடைக்கலாம், காக்கா ஆழி என்கிற சிப்பியை என்ன செய்வது? அமெரிக்கக் கண்டத்துக் கரையைச் சேர்ந்தது, கப்பலோடு வந்திருக்கும் என்கிறார்கள். கொத்துக் கொத்தாக ஒட்டித் தரையை மூடிவிடுகிறது. இறால் புதைய இடமில்லை. தடவினால் ஓடு விரலைக் கிழிக்கிறது.

இளசுகள் பொடிக்கண்ணி வலையை இழுத்துக் குஞ்சோடு வாரிவிடுகிறார்கள். “சீக்கிரம் முடியற வேலைக்கு நாள் பூரா ஏன் குந்தினு இருக்கணும் அத்தே?” என்கிறார்கள். கையில் அகப்பட்டது குஞ்சு என்றால் விரலே சொல்லும், விட்டுவிடுவோம். வலைக்கு அந்தக் கணக்கு கிடையாது. கான்ட்ராக்ட் வேலை கிடைத்தவர்கள் ஆற்றுப் பக்கமே வருவதில்லை. நான் தடவச் சொல்லிக்கொடுத்த பெண்களிலும் பாதிப் பேர் அப்படித்தான் போனார்கள்.

காக்கா ஆழியை அள்ளுவதற்கு இயந்திரம் இறக்குவதானால் அதற்கு முன் எங்களை இறங்கிப் பார்க்கச் சொல்லுங்கள். எந்தக் குழியில் இன்னும் களி மிச்சம் இருக்கிறது என்று தொட்டுச் சொல்கிறோம். அங்கிருந்து தொடங்கட்டும். அந்த நாளுக்கு எங்களுக்குக் கூலியும் கொடுக்க வேண்டும்.