பனி ஏரியில் எலும்புச் சறுக்கு

“வயசான காலத்திலே வழுக்கி விழுந்து இடுப்பை உடைச்சுக்கிட்டா யாரு பார்க்கிறது?”

இப்படிச் சொல்லிச் சொல்லியே சென்ற பிப்ரவரியில் இரண்டு வாரம் வீட்டுக்குள் அடைந்து கிடந்தேன். மகளின் பிரசவத்துக்காக ஸ்வீடனில் உப்சாலா நகரத்துக்குப் போயிருந்தேன். போன மூன்றாம் நாளே வாசலில் உறைந்திருந்த பனியில் சறுக்கி விழுந்தேன். எலும்பு முறியவில்லை, தைரியம்தான் முறிந்தது.

மாப்பிள்ளை ஆபீஸ் போனதும், பச்சை உடம்புக்காரி தனியாகக் குழந்தையை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போவாள். நான் ஜன்னலில் நின்று பார்ப்பேன். உதவிக்கு வந்த அம்மா செய்கிற வேலையா இது?

பக்கத்து வீட்டில் ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர். எழுபது வயசு. ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, பையிலிருந்து இரண்டு எலும்புகளை எடுத்து மேஜை மேல் வைத்தார். நான் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக் கொண்டேன். சைவ வீட்டில் பிறந்தவள் இல்லையா!

“பயப்படாதேம்மா, மாட்டுக் கால் எலும்பு. பழைய காலத்துச் சறுக்குக் காலணி மாதிரியே அவங்களே செஞ்சிருக்காங்க” என்றாள் மகள்.

வட ஐரோப்பாவில் மூவாயிரம் வருஷங்களுக்கு முன்பே இவை இருந்தனவாம். குதிரை, மாடு இவற்றின் கால் எலும்பை எடுத்து, அடிப்பக்கத்தைத் தட்டையாகத் தேய்த்து விடுவார்கள். ஸ்வீடன் மொழியில் ‘ஈஸ்லெக்’ என்று பெயர். மேலரன் ஏரித் தீவிலுள்ள பிர்கா என்ற பழைய வைக்கிங் ஊரில் தோண்டியபோது இவை ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன. விளையாட்டுக்காக மட்டுமல்ல, குளிர்காலத்தில் ஏரியைச் சுற்றிப் போகாமல் குறுக்கே போனால் உடம்புக்கு அலுப்புக் குறைவு.

மறுநாள் அந்த ஏரிக்கே கூட்டிப் போனார். மகளின் பேண்ட்டை மாட்டிக் கொண்டேன், ஐம்பத்தெட்டு வயசில் முதல் தடவையாக! பத்து சென்டிமீட்டராவது கெட்டியான பனிக்கட்டி இருந்தால்தான் அங்கே ஏரிமேல் கால் வைப்பார்கள். உள்ளே விழுந்தால் குத்தி ஏறுவதற்கு ஆளுக்கு இரண்டு ஆணிப்பிடிகள் கழுத்தில் தொங்கின. அதைப் பார்த்ததும் எனக்குப் பாதி உயிர் போய்விட்டது.

ஷூவோடு எலும்பின் மேல் நிற்க வைத்துத் தோல் வாரால் கட்டினார். கையில் இரும்பு முனை வைத்த கம்பு. இரும்புச் சறுக்குக் காலணியில் கூர்மையான விளிம்பு இருக்கும். காலால் பக்கவாட்டில் உந்தலாம். எலும்பில் விளிம்பு கிடையாது. அதனால் பாதத்தைத் தூக்கவே கூடாது. இரண்டு கால்களுக்கும் நடுவே கம்பை ஊன்றிப் பின்னால் தள்ள வேண்டும்.

முழங்காலை லேசாக மடக்கி, கம்பை ஊன்றினேன். சரக்கென்று ஒரு முழம் நகர்ந்தேன்! எலும்பிலுள்ள கொழுப்பே எண்ணெய் போட்ட மாதிரி வழுக்கிக் கொடுக்கிறதாம். பத்தாவது தள்ளலில் தொப்பென்று உட்கார்ந்தும் விட்டேன். கோட்டுக்குள் பஞ்சு, அடி படவில்லை.

ஆசிரியை சிரித்தார். 12-ஆம் நூற்றாண்டில் லண்டன் இளைஞர்கள் இப்படியே எலும்பு கட்டிச் சறுக்கி, ஒருவரோடொருவர் மோதிக் கை காலை உடைத்துக் கொண்டார்கள் என்று வில்லியம் ஃபிட்ஸ்டீபன் என்பவர் எழுதி வைத்திருக்கிறாராம். “நீங்கள் பரவாயில்லை” என்றார்!

திரும்பும்போது அவர் ஷூவின் அடியைக் காட்டினார். சின்னச் சின்ன இரும்பு முட்கள் பதித்த ரப்பர் பட்டை. “நானும் பயந்தவள்தான். அதனால்தான் இதை மாட்டுகிறேன். வீட்டில் உட்கார்ந்தால் கால் இன்னும் பலவீனமாகும்.”

அன்று சாயங்காலமே எனக்கும் ஒரு ஜோடி வாங்கினோம். மறுநாள் காலை, பாதத்தைத் தட்டையாக வைத்து, சின்னச் சின்ன அடியாக நடந்து, பேரனின் வண்டியை நான்தான் தள்ளினேன். மகள் அன்றைக்கு மத்தியானம் வரை அயர்ந்து தூங்கினாள்.