முறை

நாற்பது வயதுக்கு மேல் ஒரு மனிதன் ராஜ்யம் ஆள ஆசைப்பட்டால் ஊரார் சிரிப்பார்கள். எனக்கு அந்த ஆசை வந்தது. ராஜ்யமும் கிடைத்தது. ஏழு நகரங்கள், ஒரு துறைமுகம், மூன்று பக்கம் மலை. நான்கு மாதம் ஆண்டேன். பிறகு, சென்ற மார்கழியில், ஜவளகிரியில் என் அக்காள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தபடி அதைத் தொலைத்தேன். தொலைத்த கதையைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. அந்தத் திண்ணைக்கு நான் எதற்காகப் போனேன் என்பதைச் சொல்லத்தான் கொஞ்சம் வெட்கமாயிருக்கிறது.

அக்காளுக்கு ஒரே மகன். ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் கடைசல் யந்திரத்தில் வேலை; வாரம் ஒரு ஷிப்டு. அவனும், ஓசூரில் ஒருவனும், எல்லைக்கு அந்தப் பக்கம் ஆனேக்கல்லில் ஒருவனுமாகக் கம்ப்யூட்டரில் ஒரு விளையாட்டு ஆடிக்கொண்டிருந்தார்கள். நாலாவது ஆள் வேண்டியிருந்தது. "மாமா, நீங்க கதையிலே ராஜா ராணி எல்லாம் எழுதறீங்களே, வாங்களேன்" என்று கூப்பிட்டான். முகஸ்துதிக்கு மயங்காத எழுத்தாளனை நான் பார்த்ததில்லை. சென்னையிலிருந்தபடியே சேர்ந்துவிட்டேன்.

விளையாட்டின் பெயர் ஃப்ரீசிவ். 1991-ல் அமெரிக்காவில் சித் மையர் என்பவர் 'சிவிலைசேஷன்' என்ற விளையாட்டைக் கொண்டுவந்தார். கற்காலத்தில் ஒரு குடியிருப்பை வைத்துத் தொடங்கி, நட்சத்திரத்துக்குக் கப்பல் விடுகிறவரை ஒரு ஜன சமூகத்தை நடத்திச் செல்ல வேண்டும். 1995-ல் டென்மார்க் தேசத்து ஆர்ஹூஸ் பல்கலைக்கழகத்தில் படித்த மூன்று மாணவர்கள், அந்த மாதிரியில், பலபேர் சேர்ந்து ஆடும்படி ஒன்றைச் செய்து இலவசமாக விட்டுவிட்டார்கள். அதுதான் இது. எல்லோரும் ஒரே சமயத்தில் காய் நகர்த்தலாம். எல்லோரும் முடித்துவிட்டோம் என்று சொன்னதும், அல்லது குறித்த நேரம் கழிந்ததும், ஒரு முறை முடிந்து அடுத்தது ஆரம்பமாகும். இவர்கள் நாளைக்கு ஒரு முறை என்று வைத்திருந்தார்கள். ஷிப்டு வேலைக்காரர்களுக்கு அது சௌகரியம். நாவல் எழுதுகிறவனுக்கும் சௌகரியம்தான். எழுதாமல் இருக்க ஒரு காரணம் கிடைக்கிறது அல்லவா?

ஒவ்வொரு நகரத்தையும் சுற்றியுள்ள நிலம் மூன்று விஷயங்களைத் தரும்: உணவு, உற்பத்தி, வியாபாரம். உணவு மிஞ்சினால் களஞ்சியம் நிறையும். களஞ்சியம் நிறைந்தால் ஜனத்தொகை பெருகும். உற்பத்தியைக் கொண்டு மதிலும் கட்டலாம், சிப்பாயையும் உண்டாக்கலாம். வியாபாரத்தில் வருவதை கஜானாவுக்கு இவ்வளவு, ஆராய்ச்சிக்கு இவ்வளவு, ஜனங்களின் கேளிக்கைக்கு இவ்வளவு என்று பங்கிட வேண்டும். கேளிக்கையில் அதிகம் கை வைத்தால் ஊரில் கலகம் வந்து, வரியும் நின்று போகும். எல்லை தாண்டிப் போன சிப்பாய்க்கும் அவனுடைய சொந்த ஊர்தான் படியளக்க வேண்டும்.

"முதல்ல சோறு, மாமா. வாய்க்கால் வெட்டுங்க. மத்ததெல்லாம் பின்னாலே" என்று அக்காள் மகன் ஆரம்பத்திலேயே சொன்னான்.

நான் கேட்கவில்லை. நம் தேசத்தில் 1951-ல் தொடங்கிய முதல் ஐந்தாண்டுத் திட்டம் விவசாயத்தையும் நீர்ப்பாசனத்தையும் முன்னே வைத்தது. 1956-ல் வந்த இரண்டாவது திட்டம் பெருந்தொழில்களுக்கு முதலிடம் கொடுத்தது. பையன் முதல் திட்டக்காரன். நான் எடுத்த எடுப்பில் இரண்டாவது திட்டத்தில் குதித்துவிட்டேன். அதோடு நிற்காமல் பிரமிடு கட்டினேன், சீனப் பெருஞ்சுவர் கட்டினேன். பிறகு வியாபாரம் பெருகட்டுமென்று குடியரசாக மாறினேன். மாறின கையோடு, ஆனேக்கல்காரன் மீது படையெடுத்தேன்.

குடியரசின் பிரஜைகளுக்கு இது பிடிக்காது என்பதை நான் படித்திருக்கவில்லை. சண்டைக்காக வெளியூர் போகிற ஒவ்வொரு படைக்கும் உள்ளூரில் முகச்சுளிப்பு உண்டு. கேளிக்கைக்கு அள்ளிக் கொடுத்தேன், கஜானா வற்றிற்று. இந்த நிலையில்தான் நான் ஜவளகிரிக்கு வந்து சேர்ந்தேன்.

ஜவளகிரி, தேன்கனிக்கோட்டைத் தாலுகாவில், கர்நாடக எல்லையை ஒட்டிய ஊர். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே வாக்கியத்தில் புழங்கும். சுற்றிலும் காடு, 2014-ல் காவேரி வடக்கு வனவிலங்கு சரணாலயம் என்று அறிவித்தார்களே, அதைச் சேர்ந்த காடு. ராகி முற்றுகிற பருவத்தில் பன்னார்கட்டாப் பக்கமிருந்து யானைக் கூட்டங்கள் இந்த வழியாகத்தான் வரும். அக்காள் புருஷர், நான் 'மாமா' என்று கூப்பிடுகிறவர், அப்போதெல்லாம் இரவில் வீட்டில் படுப்பதில்லை. ஒரு கம்பளி, ஒரு டார்ச் விளக்கு, ஒரு தகர டப்பா, கொஞ்சம் பட்டாசு. பரண்மேல் ஏறிவிடுவார்.

அந்த நிலம் எங்கள் தகப்பனார் வைத்துப் போனது. மூன்று ஏக்கர், அக்காள் பேரிலும் என் பேரிலும் கூட்டுப் பட்டா. ஓசூரில் 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்த நாளிலிருந்து சுற்றுவட்டாரத்தில் நிலத்தின் விலை நடக்கவில்லை, ஓடுகிறது. ஒரு தரகர் என்னைத் தேடி வந்து ஒரு தொகை சொன்னார். எனக்குப் பெண்ணின் படிப்புச் செலவு கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது. கிரய உடன்படிக்கை ஒன்று என் பெட்டிக்குள் இருந்தது. அக்காள் கையெழுத்து மட்டும் பாக்கி.

வந்து மூன்று நாளாகியும் பெட்டியைத் திறக்க வாய்ப்பு வரவில்லை. வாய்ப்பு வரவில்லையா, நான் தேடவில்லையா என்று கேட்காதீர்கள். அக்காள் களி கிண்டிப் போட்டாள். அவரைக் கொட்டைக் குழம்பு ஊற்றினாள். இரண்டாவது உருண்டையோடு எழுந்தேனென்றால், "பட்டணத்துக்குப் போய் வயிறு சுருங்கிப் போச்சுடா தம்பி" என்று குறைப்பட்டுக்கொண்டாள்.

நாலாம் நாள் இரவு ஷிப்டு இல்லாததால் பையன் பரணுக்குப் போனான். நானும் கூடப் போனேன். பனி கொட்டிற்று. நேரம் போகட்டுமென்று நான் பழைய கதை ஒன்று சொன்னேன்.

1791-ஆம் வருஷம். கார்ன்வாலிஸ் பிரபு மார்ச் மாதம் பெங்களூர்க் கோட்டையைப் பிடித்தார். மே மாதம் ஸ்ரீரங்கப்பட்டணத்தை நெருங்கி, சண்டையில் ஜயித்தும் விட்டார். ஆனால் முற்றுகை போட முடியவில்லை. பீரங்கி இழுத்த மாடுகள் ஆயிரக்கணக்கில் செத்து விழுந்தன, படைக்குத் தானியம் இல்லை, மழை பிடித்துக்கொண்டது. கொண்டுபோன பெரிய பீரங்கிகளைத் தாமே உடைத்துப் போட்டுவிட்டுத் திரும்பினார். திப்புவிடமோ, ஹைதர் காலத்திலிருந்து பேணிவந்த அம்ருத மகால் மாடுகள் இருந்தன. கார்ன்வாலிஸ் பாடம் கற்றார். ஜூலையில் ஓசூரையும் ராயக்கோட்டையையும் பிடித்து, கீழேயிருந்து தானியம் ஏறி வரும் கணவாய் வழியைத் திறந்துகொண்டார். எருதுப் பொதியில் தானியம் சுமந்து விற்கும் லம்பாடிகளைத் தம் பக்கம் சேர்த்தார். மறு வருஷம் பிப்ரவரியில் அதே ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு உடன்படிக்கைக்கு இறங்கி வந்தார். பாராமகால் கம்பெனிக்குப் போயிற்று. ஓசூர் மேட்டுப்பகுதி மட்டும் 1799-ல் திப்பு மடிந்த பிறகுதான் கைமாறியது.

பையன் சற்று யோசித்துவிட்டு, "அப்போ அவரும் முதல் தடவை உங்களை மாதிரிதான் ஆடியிருக்கார்" என்றான்.

விடியும் சமயத்தில் யானைகள் வந்தன. எங்கள் நிலத்துக்கு அல்ல, பக்கத்து நிலத்துக்கு. எங்கும் தகர டப்பாச் சத்தம், பட்டாசு, மூன்று பாஷையிலும் கூச்சல். வெளுத்த பிறகு போய்ப் பார்த்தோம். வீட்டை ஒன்றும் செய்யவில்லை, மனிதரைத் தொடவில்லை. முக்கால் ஏக்கர் ராகி மட்டும் பாய் விரித்தாற்போல் கிடந்தது. அந்த வீட்டுக்காரர் வரப்பில் குந்தியிருந்தார், யாரோடும் பேசவில்லை.

திரும்பி வந்து திண்ணையில் கம்ப்யூட்டரைத் திறந்தால், என் ராஜ்யத்திலும் அதே காட்சி. ஆனேக்கல்காரன் என் சீனப் பெருஞ்சுவரின் பக்கமே வரவில்லை. பல முறைகளாக என் வாய்க்கால்களை அழித்துக்கொண்டே வந்திருக்கிறான். களஞ்சியம் காலி. தலைநகரில் பஞ்சம். இனி ஆடுவதற்கு ஒன்றுமில்லை.

ஒரு விஷயம் அப்போதுதான் கண்ணில் பட்டது. அக்காள் மகனின் எல்லையோரத்தில் என் நகரங்கள் இரண்டு காவலே இல்லாமல் ஒரு மாதமாகக் கிடந்திருக்கின்றன. எங்களிடையே இருந்தது வெறும் போர்நிறுத்தம். பதினாறு முறைக்குள் சமாதானம் எழுதிக்கொள்ளாவிட்டால் அது முறிந்துவிடும். நான் எழுத மறந்து, முறிந்தே போயிருந்தது. அவன் நினைத்திருந்தால் ஒரே முறையில் இரண்டையும் எடுத்திருக்கலாம்.

"ஏண்டா எடுக்கலை?"

"நீங்க மறந்துட்டீங்கன்னு தெரியும், மாமா. மறந்தவங்ககிட்டே எடுத்தா அது என்ன ஆட்டம்?"

அக்காள் முறத்தில் ராகி புடைத்துக்கொண்டிருந்தாள். "சின்னதிலேயே இவன் புலிதான் கேட்பான். ஆடு வேணாம்பான்" என்று சிரித்தாள். உண்மைதான். ஆடுபுலி ஆட்டத்தில் மூன்று புலியும் எனக்கு, பதினைந்து ஆடும் அவளுக்கு. பதினைந்தையும் வைத்து முடிகிறவரை அவள் ஆட்டை நகர்த்தமுடியாது. பொறுமையாக ஒவ்வொன்றாக வைப்பாள். நாலைந்து ஆட்டை வெட்டிவிட்டு நான் குதிப்பேன். கடைசியில் மூன்று புலியும் அசைய இடமில்லாமல் நிற்கும்.

அன்று மத்தியானம் பெட்டியைத் திறந்தேன். காகிதத்தை அக்காள் வாங்கிப் பார்த்தாள். படித்தாளா என்று தெரியவில்லை. "கையெழுத்துதானே, போடறேன். உன் பாகம் உன்னுது" என்றாள். பிறகு, "அறுப்பு முடியட்டும்" என்றாள்.

மகன்தான் பேசினான். என் பாகத்தைத் தானே வாங்கிக்கொள்வதாகச் சொன்னான். சம்பளத்தில் மாதம் இவ்வளவு, ஐந்து வருஷம். கணக்கு ஏற்கெனவே ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தான். தரகர் வந்து போன சங்கதி அவனுக்கு நான் வருமுன்பே தெரிந்திருக்கிறது. "மாசம் ஒரு முறை, மாமா. அறுபது முறை. மறக்க மாட்டேன்" என்றான். அவன் சொன்ன தொகை தரகர் சொன்னதில் பாதிகூட வராது.

சரி என்றேன். முழு மனதோடு சொன்னேன் என்று எழுதினால் அது பொய். பெண்ணின் படிப்புக்கு வேறு இடத்தில் கடன் வாங்கினேன். அதற்கு வட்டி கட்டும்போதெல்லாம் தரகர் சொன்ன தொகை ஞாபகம் வருகிறது.

தை பிறந்ததும் முதல் தவணை வந்தது. கூடவே பஸ்ஸில் ஒரு மூட்டை ராகி மாவும் வந்தது. அது கணக்கில் சேராது என்று பையன் எழுதியிருந்தான். புது ஆட்டம் ஒன்று தொடங்கியிருக்கிறார்களாம். நாலாவது இடம் காலியாம். இந்த முறை முதலில் வாய்க்கால் வெட்டியிருக்கிறேன்.