ஊசியில்லாத ஊசியிலை மரம்

டிசம்பரில் நெய்யூர் போயிருந்தேன். ஆபீஸ் நண்பனின் சொந்த ஊர். 1922-ல் எவரெஸ்ட் ஏறப் போன டாக்டர் சோமர்வெல், பிறகு ஆண்டுக்கணக்கில் ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரி இங்கேதான் இருக்கிறது. நான் ஏறியதெல்லாம் ஆபீஸ் மாடிப்படி மட்டும்!

நண்பன் வீட்டு ஹாலில் கிறிஸ்துமஸ் மரம். கலர் பல்பு, பஞ்சு, ஜிகினா.

"அட, பைன் மரம்!" என்றேன், பி.காம். படித்த தைரியத்தில்.

நண்பனின் பெரியப்பா சிரித்தார். ரிட்டயர்டு டிராயிங் வாத்தியார்.

"இது காத்தாடி மரமாக்கும் மக்களே. நீங்க சவுக்குன்னு சொல்லுவீங்க. அந்த ஊசியை இழுத்துப் பாரு."

இழுத்தேன். கணுக்கணுவாகக் கழன்று வந்தது. அது இலையே இல்லையாம், மெல்லிய கிளையாம். கணுவில் துளியூண்டு பல் மாதிரி இருப்பதுதான் இலை. பூக்கிற ஜாதி. பைனுக்கு ஒட்டுமில்லை, உறவுமில்லை.

"அசல் ஒண்ணு நம்ம மலையிலேயே உண்டு. வா, காட்டித் தாறேன்."

கொல்லைப்புறம், பலா மர நிழலில் முழங்கால் உயரக் கன்று. அகல அகலமாக இலைகள், ஜோடி ஜோடியாக எதிரெதிரே.

"நடு நரம்பு எங்கே, சொல்லு?"

காணோம்! லெட்ஜரில் கோடு போட்ட மாதிரி, மெல்லிய நரம்புகள் பக்கத்தில் பக்கத்தில் ஓடின. அதுதான் அடையாளம். பெயர் நிரம்பாலி. தாவரவியலில் நாகேயா வாலிச்சியானா. ஊட்டி, கொடைக்கானலில் நாம் போட்டோ எடுத்துக்கொள்ளும் பைன் எல்லாம் வெளியிலிருந்து வந்து நட்டவை. தென்னிந்தியக் காட்டில் தானாக வளரும் ஊசியிலை வகை மரம் இது ஒன்றுதான். அதற்கு ஊசியும் கிடையாது, பைன் மாதிரி கூம்புக்காயும் கிடையாது. சதைப்பற்றான காம்பின் நுனியில் ஒற்றை விதை.

"காட்டிலேருந்து பிடுங்கப்பிடாது. நர்சரியில வாங்கணும். நிழல் வேணும், ஈரம் வேணும், அடியில சருகு மூடணும். அஞ்சு வருஷமாச்சு வச்சு."

"அஞ்சு வருஷத்துக்கு இவ்வளவுதானா? எங்க ஆபீஸ் பிரமோஷனே தேவலாம் பெரியப்பா!"

சிரித்தவர் கன்றைத் தடவினார். "இதுல ஆண் மரம் வேற, பெண் மரம் வேற. இது எதுன்னு வளந்து பருவத்துக்கு வந்தாத்தான் தெரியும். அதைப் பாக்க நான் இருக்க மாட்டேன். கூட ஒண்ணு வச்சிருந்தேன். போன கோடையில நான் ஆஸ்பத்திரியில கிடந்தப்போ, தண்ணி ஊத்த ஆளில்லாம பட்டுப்போச்சு. ஒத்தையில நின்னா விதை ஏது மக்களே?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "அடுத்த தடவை வரும்போது மூணு கன்று கொண்டு வர்றேன்" என்றேன்.

ஊர் திரும்பியதும், "ஜோடி தேடணும்மா" என்றேன். அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். யாருக்கென்று இன்னும் சொல்லவில்லை!