மெழுகும் கண்ணாடிப் பூச்சும்

தமிழில் ‘மெழுகு’ பெயராகவும் வரும், வினையாகவும் வரும். தேனடையிலிருந்து பெறுவது மெழுகு. சாணமிட்டுத் தரையைத் தடவித் தூய்மை செய்வது மெழுகுதல். கோயில் தளத்தை அலகிட்டு மெழுகுவதைச் சைவர்கள் சரியைத் தொண்டுகளுள் ஒன்றாக வைத்துப் போற்றினர். சுவாமிமலைச் சிற்பியரோ முதலில் மெழுகில் உருவத்தை அமைத்து, அதன்மேல் மண் பூசி, சூடேற்றி மெழுகை உருக்கி வெளியேற்றிய பின் அவ்விடத்தில் உலோகத்தை வார்க்கின்றனர். கருங்கல் திருமேனிகளுக்கு எண்ணெய்க்காப்புச் சாத்துவது இன்றும் நடைபெறுகிறது. ஒரு பொருளின் மேனியைக் காப்பது கைவேலை, அதுவும் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டிய வேலை என்னும் எண்ணம் தமிழர் வாழ்வில் இவ்வளவு பழையது. அவ்வெண்ணத்துக்கு இக்காலத்தில் ஒரு சோதனை நேர்ந்திருக்கிறது. அது நேர்ந்திருக்கும் இடம் வீட்டு வாசலில் நிற்கும் மகிழுந்து என்றால் சிலர் நகைக்கக்கூடும். ஆயினும், வீட்டுக்கு அடுத்தபடியாக ஒரு குடும்பம் பெருந்தொகை செலவிட்டு வாங்கும் பொருள் அதுவே ஆதலின், நகைப்பை ஒதுக்கிவைத்து எண்ணிப் பார்ப்பதில் தவறில்லை.

கிள்ளானிலிருந்து வடக்கே கோலசிலாங்கூரை நோக்கிச் செல்லும் ஐந்தாம் எண் கூட்டரசுச் சாலையில் அமைந்திருக்கிறது காப்பார். ஒருபுறம் மலாக்கா நீரிணையின் உப்புக்காற்று. மறுபுறம் செம்பனைத் தோட்டங்கள். கரையோரத்தில் 1980களில் இயங்கத் தொடங்கிய சுல்தான் சலாவுடின் அப்துல் அசிஸ் மின்னிலையம். சாலையிலோ செம்பனைக் குலைகளை ஏற்றிய லாரிகளும், மணல் லாரிகளும், துறைமுகத்துக்குச் செல்லும் கொள்கலன் வண்டிகளும் ஓய்வதில்லை. 2005ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் புகைமூட்டம் மிகுந்து, காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 500ஐக் கடந்தபோது, போர்ட் கிள்ளானிலும் கோலசிலாங்கூரிலும் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. அவ்விரண்டுக்கும் இடைப்பட்ட ஊர் காப்பார். அந்நாள்களில் இரவில் கழுவி நிறுத்திய வண்டியின் மேல் காலையில் விரலால் எழுதலாம்போல் சாம்பல் படிந்திருந்ததை ஊரார் மறந்திரார். வெயில், மழை, உப்பு, புகை, சரளைக்கல் ஆகிய ஐந்தும் கூடி உழைக்கும் இவ்வூரில் ஒரு வண்டியின் சாயம் படும் பாடு சிறிதன்று.

இரப்பர்த் தோட்டக் காலத்தில் மகிழுந்து என்பது துரைமாருக்கு உரியது. அதைக் கழுவித் துடைத்து மெழுகிட்டவரோ பெரும்பாலும் தமிழ் ஓட்டுநர். பளபளக்கும் வண்டிக்கும் அதைப் பளபளக்கச் செய்த கைக்கும் உரிமைத் தொடர்பு எதுவும் இருந்ததில்லை. 1985ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் நாள் முதல் புரோட்டோன் சாகா அறிமுகமாயிற்று. 1994இல் பெரொடுவா கஞ்சில் வந்தது. அதன் பின்னரே தோட்டத்தை விட்டு வெளியேறிய பல குடும்பங்களின் வாசலில் சொந்த வண்டி நின்றது. அக்குடும்பத் தலைவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் வாளியும் பழைய பனியனும் மெழுகு டின்னுமாக வாசலில் இறங்கியதை வெறும் சிக்கனம் என்று கொள்வது முற்றும் பொருந்தாது. பிறர் வண்டிக்குச் செய்த பணியைத் தம் வண்டிக்குச் செய்துகொண்டதில் ஒரு நிறைவு இருந்தது.

இன்று அதே வீடுகளில் மகன் புதுவண்டி வாங்குகிறான். விற்பனைக்கூடத்தில் அவனிடம் மற்றொரு பொருளையும் எடுத்துரைக்கின்றனர். காப்பார் வட்டாரத்தில் பல வீடுகளிலும் கேட்கக்கூடிய உரையாடல் இது.

“கோட்டிங் போட்டா அஞ்சு வருஷத்துக்கு ஒண்ணும் ஆகாதாம்பா. மெழுகே தேவையில்லையாம்.”

“காடிய கழுவணுமா, வேண்டாமாய்யா?”

“கழுவத்தான் வேணும்.”

“அப்போ எதுக்கு அவ்வளவு காசு?”

தந்தையின் கேள்வி எளிதாகத் தோன்றினும், விடை அத்துணை எளிதன்று. இருவரும் பேசுவது இருவேறு சாயங்களைப் பற்றி என்பதே அதற்குக் காரணம்.

பழைய வண்டிகளில் நிறமும் பளபளப்பும் ஒரே அடுக்கில் இருந்தன. வெயில் அவ்வடுக்கின் பிணைப்பைச் சிதைக்கும்போது மேற்பரப்பு சுண்ணாம்புபோல் வெளுக்கும். சிவப்பு வண்டி இளஞ்சிவப்பாகும். பாலிஷ் இட்டுத் தேய்த்தால் மடிந்த மேற்தோல் நீங்கி உள்ளிருக்கும் நிறம் வெளிப்படும். துணியில் சிவப்பு ஒட்டுவது அதனால்தான். பின்னர் மெழுகு பூசினால் நீரும் காற்றும் சிலகாலம் தடுக்கப்படும். ஆதலின் அக்காலத்தில் மெழுகு அலங்காரமாக மட்டும் இருக்கவில்லை, அது மருந்து. இக்கால வண்டிகளிலோ துருத்தடுப்பு அடுக்கு, இடையடுக்கு, நிற அடுக்கு ஆகியவற்றின் மேல் நிறமற்ற மேற்பூச்சு ஒன்று உண்டு. அடுக்குகள் எல்லாம் சேர்ந்தே ஏறத்தாழ 100 முதல் 150 மைக்ரான் கனம்தான். மேற்பூச்சு மட்டும் 40 அல்லது 50 மைக்ரான். அதாவது ஒரு தலைமயிரின் பருமனுக்கும் குறைவு. புறஊதாக் கதிரைத் தாங்கும் பொருள்களும் அதில் கலந்துள்ளன. தந்தை தம் பழைய வண்டியைத் தேய்த்த உரத்தோடு மகனின் வண்டியைத் தேய்த்தால் துணியில் நிறம் ஒட்டாது. ஆனால் காப்பு தேய்ந்துகொண்டே போகும். கண்ணுக்குத் தெரியாத இழப்பாதலின் இது மேலும் கொடிது.

மெழுகுகளில் புகழ்பெற்றது கர்னாபா. பிரேசிலின் வடகிழக்கில் சியாரா, பியாவி மாநிலங்களில் வளரும் ஒருவகைப் பனையின் ஓலையில் அது சுரக்கிறது. வறண்ட காலத்தில் ஈரம் வெளியேறாதபடி அம்மரம் தன் ஓலைக்குத் தானே பூசிக்கொள்ளும் காப்பு அது. ஓலையை வெட்டி, வெயிலில் உலர்த்தி, அடித்துத் தூளாக்கி எடுக்கின்றனர். தேன்மெழுகு 62 முதல் 64 பாகை செல்சியசில் உருகும். கர்னாபா 80 பாகையைக் கடந்த பின்னரே உருகும். இயற்கை மெழுகுகளுள் மிகக் கடினமானதும் அதுவே. மிட்டாய்க்கும் மாத்திரைக்கும் மினுக்கு ஏற்றவும் அதனைப் பயன்படுத்துகின்றனர். ‘இயற்கைப் பொருள்’ என்று டின்னின்மேல் எழுதியிருப்பதைக் கண்டு உளம் குளிர்வோர் ஒன்றையும் அறிதல் நன்று. அப்பனங்காடுகளில் கூலிகள் அடிமைகளைப்போல் நடத்தப்படுவதை 2017இல் ஜெர்மானியத் தொலைக்காட்சி ஆவணப்படம் ஒன்று வெளிக்கொணர்ந்தது. பிரேசில் நாட்டுத் தொழில் ஆய்வாளர்களும் அங்கிருந்து தொழிலாளரை மீட்டிருக்கின்றனர். பால்மரக் காட்டில் பாட்டன் பட்ட துன்பத்தைக் கேட்டு வளர்ந்த சமூகத்துக்கு இச்செய்தியை விளக்கிக் கூற வேண்டுவதில்லை.

இனி, மகன் கூறும் பூச்சு. ‘செராமிக்’ என்றதும் பீங்கான் என்று மொழிபெயர்த்துக்கொண்டு, வண்டியின் மேல் பீங்கான் ஓடு ஒன்று போர்த்தியிருப்பதாகக் கற்பனை செய்வோர் உளர். உண்மையில் அது சிலிக்காவை அடிப்படையாகக் கொண்ட நீர்மம். மணலுக்கும் கண்ணாடிக்கும் அடிப்படையான அதே சிலிக்காதான். பூசியதும் காற்றின் ஈரத்தோடு வினைபுரிந்து இறுகி, மேற்பூச்சோடு பிணைந்துவிடுகிறது. கண்ணாடிப் பூச்சு என்பது ஓரளவு பொருத்தமான பெயர். மெழுகு மேலே தங்கியிருப்பது; இது பிணைந்திருப்பது. இதுவே வேறுபாடு. நம் வெயிலிலும் மழையிலும் மெழுகு ஓரிரு மாதத்தில் கரைந்துபோக, நன்றாக இட்ட பூச்சு சில ஆண்டுகள் நிற்கும். அழுக்கு எளிதில் நீங்கும். நீர் முத்துமுத்தாக உருண்டோடும். இவை உண்மையான நன்மைகள்.

ஆனால் விளம்பரம் உண்மையோடு நின்றுவிடுவதில்லை. ‘9எச் கடினம்’ என்கின்றனர். அது பென்சில்களைக் கொண்டு அளக்கும் அளவை. பள்ளிப் பிள்ளைகள் அறிந்த எச்பி, 2பி வரிசையின் மறுகோடியில் இருக்கும் 9எச் பென்சில் கீறவில்லை என்பதே அதன் பொருள். வைரத்தைப் பத்தாக வைத்துக் கற்களை அளக்கும் அளவையில் அதற்கு ஒன்பதாம் இடம் என்று மயங்குவது பெரும்பிழை. அந்தப் பூச்சின் கனம் ஒன்றிரண்டு மைக்ரான். மணல் லாரியின் சக்கரம் தெறிக்கும் கல்லை ஒன்றிரண்டு மைக்ரான் என்ன செய்யும்? கல்லைத் தாங்க வல்லது பாலியூரித்தேன் படலம் ஒன்றே. 150 முதல் 200 மைக்ரான் கனமுள்ள அப்படலத்தை முன்புறத்துக்கு மட்டும் ஒட்டிக்கொள்வதும் உண்டு. முழுவண்டிக்கும் ஒட்டினால் செலவு மலைக்கச் செய்யும். மேலும், முத்துமுத்தாக நிற்கும் நீர் வெயிலில் உலருமாயின், அதிலுள்ள உப்புகள் வட்டவட்டக் கறையாகப் பூச்சின் மீதே படியும். மைனாவும் காகமும் இடும் எச்சத்தின் அமிலத்தைப் பூச்சானாலும் மெழுகானாலும் சிறிதுநேரமே தடுக்கும். துடைத்தெடுக்க அவகாசம் தருகிறதே அன்றி, துடைக்காமல் இருக்க உரிமம் தருவதில்லை. துருவோ அடித்தகட்டிலிருந்தும் மடிப்புகளிலிருந்தும் தொடங்குவது. அங்கே இரண்டுமே எட்டா. 2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலாமிலும் கிள்ளானிலும் மூழ்கிய வண்டிகளுள் பூச்சிட்டவையும் இடாதவையும் ஒன்றாகவே மிதந்தன.

செலவுக் கணக்கும் உண்டு. மெழுகு டின் சில பத்து வெள்ளி. பூச்சு சில நூறு வெள்ளியில் தொடங்கிச் சில ஆயிரம் வரை போகும். வண்டியின் விலையோடு சேர்த்துக் கடனிலேயே அதனை அடக்கிவிடும்போது தொகை கண்ணில் படுவதில்லை. மாதம் இருபது வெள்ளி சொச்சம்தானே என்கின்றனர். கடன் ஒன்பது ஆண்டு. பூச்சின் உத்தரவாதமோ ஐந்து ஆண்டு. கரைந்துபோன பூச்சுக்கு எஞ்சிய நான்கு ஆண்டும் வட்டியோடு தவணை கட்டுவதை எந்தக் கணக்காசிரியர் ஏற்பார்? ஆண்டுதோறும் வண்டியைக் கொண்டுவந்து காட்ட வேண்டும், தவறினால் உத்தரவாதம் செல்லாது என்னும் சிற்றெழுத்தையும் கையொப்பத்துக்கு முன்பே படித்தல் நலம்.

இரவுபகல் மாறிமாறி வேலை செய்து, துறைமுகத்தருகே திறந்தவெளியில் வண்டியை நிறுத்தி, ஞாயிறும் ஓய்வில்லாதவனுக்குப் பூச்சு தகும். கையிருப்புப் பணத்தில், வேலையறிந்த கடையில் இடுவானாயின். சாயத்தின் கனத்தைக் கருவியால் அளந்து, பழைய கீறல்களைச் சரிசெய்த பின்னரே பூசும் கடை அது. கீறலின்மேல் பூசினால் கீறலும் அங்கேயே பாதுகாக்கப்படும். கூரையுள்ள வாசலில் வண்டியை நிறுத்தி, வாரம் ஒருமணி நேரம் அதனோடு செலவிடுவதில் மகிழ்பவருக்கு மெழுகே போதும். அவர் கையில் வண்டி எவ்வகையிலும் தாழ்ந்துபோவதில்லை.

இவ்விரு சாராரும் ஒருசேரக் கவனிக்க வேண்டியது கழுவும் முறை. வண்டியின் மேனியில் காணும் சிலந்திவலைக் கீறல்களுள் பெரும்பாலானவை சாலையில் ஏற்பட்டவை அல்ல, வாசலில் ஏற்பட்டவை. மின்னிலையப் பக்கத்துத் தூசியும் மணற்றுகளும் படிந்த வண்டியைக் காய்ந்த துணியால் தட்டுவது உப்புத்தாள் கொண்டு தேய்ப்பதற்குச் சமம். முதலில் நீர் பாய்ச்சித் தூசியை ஓடவிட வேண்டும். சோப்பு நீருக்கு ஒரு வாளி, துணியை அலசுவதற்கு மற்றொரு வாளி. பழைய பனியனின் தையலும் கீறும். மைக்ரோஃபைபர் துணி சில வெள்ளிக்குக் கிடைக்கிறது. பாத்திரம் துலக்கும் சோப்பு மெழுகையும் சேர்த்துக் கழுவிவிடும். ஆயுதபூசையன்று வண்டிக்கு இட்ட சந்தனமும் குங்குமமும் நாள்கணக்கில் வெயிலில் காயாமல், பூசை முடிந்த மறுநாளே நீரால் நனைத்து நீக்கப்பட வேண்டும்.

கூரையிலும் பானெட்டிலும் மேற்பூச்சு தோல் உரிவதுபோல் உரியத் தொடங்கிவிட்ட பழைய வண்டிகள் காப்பார்க் கடைத்தெருவில் பல நிற்கின்றன. அவற்றுக்கு மெழுகும் பயன்படாது. கண்ணாடிப் பூச்சும் பயன்படாது. உரிந்த பகுதியைத் தேய்த்தெடுத்து மீண்டும் சாயம் அடிப்பதொன்றே வழி.