மான்டரே கைதட்டல்

மாமல்லபுரத்து விடுதியொன்றில் யாரோ வெளிநாட்டுக்காரர் விட்டுப்போன இசைத்தட்டு செங்கல்பட்டில் என்னிடம் வந்து சேர்ந்தது. கலிபோர்னியாவில் மான்டரே பாப் விழாவில், 1967 ஜூன் 18 பிற்பகல், ரவிசங்கர் வாசித்தது. ஏறக்குறைய மூன்று மணி நேரக் கச்சேரியில் தட்டுக்குள் அடங்கியது பீம்பலாசி, அல்லா ரக்காவின் தனித் தபலா, ஒரு துன். பீம்பலாசி பிற்பகல் ராகம். ராக் விழாவிலும் வேளை தப்பவில்லை. அன்றிரவு அதே மேடையில் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் கிதாரைக் கொளுத்தியது ரவிசங்கருக்குப் பொறுக்கவில்லை.

தட்டிலுள்ள கைதட்டலைப் புரியாத கூட்டத்தின் கிழக்கு மோகம் என்று நண்பர்கள் ஒதுக்குகிறார்கள். மோகம் இருந்திருக்கலாம், போதையும்தான். ஆனால் தபலா தனிக்கும் சேர்த்தல்லவா தட்டியிருக்கிறார்கள்? நம் சபாக்களில் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் கான்டீனுக்கு எழுந்து போகிறவர்கள் தாளம் தெரிந்தவர்கள்.