எதிர் ஊரில் பதினாலு பேர்

கோவில்பட்டிக்கு ஹாக்கிப்பட்டி என்று இன்னொரு பெயர் உண்டு. சும்மா எதுகைக்காக வைத்த பெயர் இல்லை. எங்கள் பக்கம் வீட்டு மூலையில் கிரிக்கெட் மட்டை சாத்தி வைத்திருக்கிற இடத்தில் அங்கே ஹாக்கி மட்டை இருக்கும். கிருஷ்ணா நகரில் செயற்கைப் புல்தரை மைதானம், அரசின் ஹாக்கி விடுதி, லட்சுமி அம்மாள் நினைவுக் கோப்பைக்கு இந்தியா முழுக்க இருந்து வரும் அணிகள்.. இப்படி அந்த ஊரே அந்த விளையாட்டோடு பின்னிக் கிடக்கிறது. 2022 மே மாதம் ஜூனியர் ஆண்கள் தேசியப் போட்டியே அங்கேதான் நடந்தது. அதே மாதம் ஜகார்த்தாவில் ஆசியக் கோப்பை. கோவில்பட்டியில் பயிற்சி எடுத்த மாரீஸ்வரன், கார்த்தி என்ற இரண்டு பேர் இந்திய அணியில் இருந்தார்கள். பாகிஸ்தானுடன் ஆடிய ஆட்டம் 1-1. அந்த ஒரு கோலை அடித்தது கார்த்தி.

இப்பேர்ப்பட்ட ஊருக்கு 2023 மே மாதம் எங்கள் பையன்கள் விளையாடப் போனார்கள். நாரணாபுரத்தையும் சிவகாசியைச் சுற்றியுள்ள மற்ற ஊர்களையும் சேர்ந்த பள்ளிப் பையன்கள். பெரிய போட்டியெல்லாம் இல்லை. கோடை விடுமுறையில் உள்ளூர்க்காரர்கள் கூப்பிட்டு நடத்திய ஒரு சின்னப் போட்டிதான். என் சித்தி மகன்தான் கோல்கீப்பர். பத்தாம் வகுப்பு எழுதி முடித்திருந்தான். அடுத்து என்ன என்று வீட்டில் ஒரு மாதமாகப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. சித்தப்பாவுக்கு அவனைப் பாலிடெக்னிக்கில் அச்சுத்தொழில் படிக்க வைக்க வேண்டும் (சிவகாசியில் அதற்கு வேலை நிச்சயம், தப்பே சொல்ல முடியாது). அவனுக்கு விளையாட்டு விடுதித் தேர்வுக்குப் போக வேண்டும். சித்தி எந்தப் பக்கமும் சொல்லவில்லை. "ஒரு தடவ ஆடுறதப் பாத்துட்டுச் சொல்றேன்" என்று மட்டும் சொல்லியிருந்தாள். அதுவரை அவள் ஒரு ஹாக்கி ஆட்டம்கூடப் பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை, சித்திக்கும் பயராபீஸ் லீவு. (எங்கள் ஊரில் பட்டாசு ஆலையும் ஆபீஸ், தீப்பெட்டி ஆலையும் ஆபீஸ். வெளியூர்க்காரர்கள் நாரணாபுரத்தில் எல்லோரும் ஆபீஸ் உத்தியோகம் என்று நினைத்துக்கொள்வார்கள் :-)) ஒரு வேன் பிடித்தோம். சாத்தூர் போய் நாலுவழிச் சாலை ஏறினால் கோவில்பட்டி வந்துவிடும். டிரைவரோடு சேர்த்துப் பதினாலு பேர். எதிர் ஊருக்கு ஆதரவாளராகப் போவது எங்கள் யாருக்கும் பழக்கமில்லை. கபடி, கைப்பந்து எல்லாம் நம் ஊர்த் திடலிலேயே பார்த்துப் பழகியவர்கள்.

வாசலில் வாட்ச்மேன் கேட்ட முதல் கேள்வி, "சிவகாசியா? பையில வெடி எதும் இருக்கா?"

நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. சாப்பாட்டுத் தூக்கைக்கூடத் திறந்து பார்த்தார். அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. அந்தப் புல் பிளாஸ்டிக் இழை. ஒரு பொறி விழுந்தால் ஓட்டைதான். பசங்க அச்சகத்தில் கட்டிங் மெஷினில் விழும் காகிதத் துண்டுகளை ஒரு சாக்கு நிறையக் கொண்டு வந்திருந்தார்கள், கோல் விழுந்தால் வீசுவதற்கு. அதுவும் கூடாது என்று வாசலிலேயே வாங்கி வைத்துவிட்டார்கள். ஆக, பட்டாசு ஊர்க்காரர்கள் சத்தம் போட ஒன்றும் இல்லாமல் உள்ளே போனோம். மிஞ்சியது ஒரு எவர்சில்வர் தட்டும், பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிய ஒரு பேனரும்.

எங்கள் கோல் கம்பத்துக்குப் பின்னால் கம்பி வேலியை ஒட்டி நின்றுகொண்டோம். ஆட்டத்துக்கு முன்னால் தரை முழுக்கத் தண்ணீர் அடித்தார்கள். சித்தி, "நாங்க தண்ணி லாரிக்கு நிக்கோம், இவங்க பிளாஸ்டிக்குக்கு ஊத்துறாங்க" என்றாள். ஈரத் தரையில் பந்து குதிக்காமல் வழுக்கிக்கொண்டு சீறிப் போகும், விழுந்தாலும் தோல் அவ்வளவாக உரியாது. அதற்குத்தான் தண்ணீர். எங்கள் பையன்களின் கஷ்டமும் அங்கேதான் தொடங்கியது. செம்மண் திடலில் பழகியவர்களுக்குப் பந்து கல்லில் பட்டு எந்தப் பக்கம் துள்ளும் என்று கணக்குத் தெரியும். இங்கே துள்ளவே இல்லை. மட்டையைத் தாழ்த்துவதற்குள் பந்து கடந்து போய்விடுகிறது.

முதல் 15 நிமிடத்தில் இரண்டு கோல். இடைவேளைக்குள் மூன்று.

நான் கூட வந்தவர்களுக்கு ஸ்காட்லாந்துக் கதை ஒன்றைச் சொன்னேன். அங்கே கடற்கரையில் ஆர்ப்ரோத் என்று ஒரு சின்ன ஊர். அவர்களின் கால்பந்து மைதானத்தில் காற்றடித்தால் கடல் தண்ணீர் சுவர் தாண்டித் தெறிக்கும். 1885 செப்டம்பர் 12 அன்று அபெர்டீனிலிருந்து பான் அக்கார்ட் என்ற அணி அங்கே போய் 36-0 என்று தோற்றது. ஜெயித்த அணியின் கோல்கீப்பர் வேலையே இல்லாமல், மழைக்கு ஒரு ரசிகரின் குடையை வாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றாராம். "36க்கு 3 எவ்வளவோ மேல்" என்றேன். யாரும் ஆறுதல் அடைந்த மாதிரித் தெரியவில்லை.

ஆனால் அந்த நாட்டிலிருந்து ஒரு பழக்கத்தைக் கடன் வாங்கினோம். அங்கே சில சின்ன மைதானங்களில் வெளியூர் ரசிகர்களுக்குத் தனி அடைப்பு கிடையாது. இடைவேளையில் அணிகள் பக்கம் மாறும்போது ரசிகர்களும் கிளம்பி அடுத்த கோலுக்குப் பின்னால் போய்விடுவார்கள். நாங்களும் தட்டு, பேனர், சாப்பாட்டுத் தூக்கு சகிதமாக மைதானத்தைச் சுற்றி நடந்தோம். உள்ளூர்க்காரர்களுக்கு அது பெரிய வேடிக்கை. "ஏ, கோல்கீப்பர் வீட்டாளுகளா? வாங்க, வாங்க" என்று திண்டில் நகர்ந்து இடம் கொடுத்தார்கள்.

பக்கத்தில் ஒரு பெரியவர். தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்து ஓய்ந்தவராம். உடனே சித்திக்கும் அவருக்கும் பேச்சு ஒட்டிக்கொண்டது, இரண்டு ஊருக்கும் பொதுவான பாஷை அதுதானே. அவர்தான் சித்திக்கு ஹாக்கி சொல்லிக் கொடுத்தார். பெனால்டி கார்னர் வரும்போதெல்லாம் கை நீட்டி விளக்கினார்.

"பாரு தாயி, கீப்பரோட சேத்து அஞ்சு பேருதான் கோட்டுக்குப் பின்னால நிக்கலாம். மத்தவன் பூரா நடுக்கோட்டுக்கு அங்கிட்டுப் போயிரணும். இனி எல்லாம் ஒம் மகன் கையிலதான்."

"பந்து மேல பட்டா, அண்ணாச்சி?"

"படத்தான தாயி அவன் நிக்கான்."

சித்தி தினமும் மருந்து நெடிக்குள் உட்கார்ந்து வேலை பார்க்கிறவள். ஒரு ஹாக்கிப் பந்துக்குப் பயந்து கண்ணை மூடிக்கொண்டாள். முதல் கார்னரில் அவன் காலை நீட்டி உதைத்துத் தள்ளினான். இரண்டாவது நெஞ்சில் பட்டுத் திரும்பியது. இரவல் வாங்கிய பேட், அவனைவிட ஒரு சைஸ் பெரிய ஹெல்மெட், ஒவ்வொரு தடவையும் அதை நிமிர்த்திக்கொண்டு வந்து நிற்பான். ஆறாவதா ஏழாவதா, எண்ணிக்கை விட்டுப் போச்சு, பந்து மேல் மூலைக்குப் பறந்தது. அவன் முழு உடம்பையும் வீசி இடது கையால் தட்டிவிட்டான். ஒரு விநாடி சத்தமே இல்லை. அப்புறம் திண்டில் இருந்த அத்தனை கோவில்பட்டிக்காரர்களும் கை தட்டினார்கள். எங்கள் எவர்சில்வர் தட்டுச் சத்தம் அதில் கேட்கவே இல்லை.

நம் ஊர் மைதானத்தில் நம் ஆள் எதைச் செய்தாலும் கத்துவோம், அதற்குப் பெரிய விலை இல்லை. ஆட்டம் தெரிந்த ஊர், தன் பையன் அடித்த கோலைத் தடுத்தவனுக்குக் கை தட்டுகிறது. சித்தி திரும்பித் திரும்பி அந்த முகங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெரியவர், "இவன மண்ணுல போட்டு வீணாக்காதீக" என்று மட்டும் சொன்னார்.

5-0. கடைசி இரண்டு கோலும் அவன் மேல் குற்றம் சொல்ல முடியாதவை. அதில் ஒன்று எங்கள் தடுப்பாட்டக்காரன் மட்டையில் பட்டே திசை மாறியது. பையன்கள் தலை குனிந்து வந்தார்கள். காகிதச் சாக்கை வாட்ச்மேன் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தார். கடலை மிட்டாய் வாங்காமல் அந்த ஊரைத் தாண்ட முடியுமா? (2020ல் புவிசார் குறியீடு வாங்கிய சரக்கு ஆயிற்றே.) சாத்தூர் வருவதற்குள் பாதிப் பொட்டலம் காலி.

சித்தி வேனில் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலையில் விடுதித் தேர்வு விண்ணப்பத்தில் பெற்றோர் கையெழுத்துப் போடும் இடம் எது என்று என்னிடம்தான் கேட்டாள். தேர்வுக்குப் போனான், கிடைக்கவில்லை. பாலிடெக்னிக்கில் சேர்ந்தான், சித்தப்பாவுக்கு நிம்மதி. ஆனால் சொந்தமாக பேட் வாங்க, வாரச் சம்பளத்தில் சித்தி தனியாக எடுத்து வைக்க ஆரம்பித்தது அவருக்குத் தெரிந்தும் ஒன்றும் சொல்லவில்லை.

அந்த ஆகஸ்டில் சென்னையில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை நடந்தது. மலேசியாவை இந்தியா 5-0 என்று அடித்த ஆட்டத்தை அவர்கள் வீட்டு டிவியில் பார்த்தோம். முதல் கோல் கார்த்தி. "நம்ம கோவில்பட்டிப் பையன்!" என்று சித்தி துள்ளி எழுந்தாள்.

"சித்தி, அவரு அரியலூர்க்காரர்."

"வெளையாண்டு பழகுனது அங்கனதான?" என்றாள்.