கூம்புத் தொட்டியும் கெலவரப்பள்ளி அணையும்

பாண்டிச்சேரியை விட்டு ஓசூருக்கு மகன் வீட்டோடு வந்த பிறகு, காலையில் பேப்பரில் நான் முதலில் தேடுவது கெலவரப்பள்ளி அணையின் நீர்மட்டத்தைத்தான். மொத்த உயரம் 44.28 அடி. இன்று இத்தனை அடி, வரத்து விநாடிக்கு இத்தனை கன அடி என்று மூலையில் போட்டிருப்பார்கள். காலமெல்லாம் பதிவேட்டில் எண் எழுதியவனுக்கு வேறு என்ன பொழுதுபோக்கு!

போன மாதம் பிளஸ் டூ படிக்கும் பேத்தி நோட்டோடு வந்தாள். கூர்முனை கீழே இருக்கும் கூம்புத் தொட்டி. உயரம் 10 மீட்டர், மேல்வாயின் ஆரம் 5 மீட்டர். நிமிடத்துக்கு 2 கன மீட்டர் தண்ணீர் விழுகிறது. ஆழம் 4 மீட்டராக இருக்கும்போது மட்டம் என்ன வேகத்தில் ஏறும்? அவளுக்கு வந்தது நிமிடத்துக்கு 48 சென்டிமீட்டர். புத்தகத்தின் விடையோ ஏறத்தாழ 16.

"சரியா மூணு மடங்கு வருது தாத்தா. எங்க தப்புன்னே தெரியல."

எனக்குப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. ஐம்பது வருடத்துக்கு முன் பரீட்சையில் நானே செய்த தப்பு அது.

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். கூம்பு எனக்கு 'கோன்', குழாய் 'ரொபினே'. நம்மூரில் ஆள், வேலை, நாள் கணக்கு எப்படியோ, அவர்களுக்கு ரொபினே கணக்கு அப்படி. சின்ன வகுப்பிலிருந்தே குழாய் திறந்து தொட்டி நிரப்புவோம். அதில் தொட்டியின் வடிவம் பொருட்டே இல்லை. அந்தப் பழக்கம்தான் பெரிய வகுப்பில் காலை வாரிவிட்டது.

ஆழம் 4 என்றால் நீர்ப்பரப்பின் ஆரம் 2. பேத்தி அந்த 2-ஐ முதலிலேயே சூத்திரத்தில் போட்டுவிட்டு, அப்புறம் வகையீடு செய்திருந்தாள். எண்ணாகப் போட்ட ஆரம் அசையாது. நிஜத்தில் மட்டம் ஏற ஏற ஆரமும் விரிகிறதே! ஆரம் எப்போதும் ஆழத்தில் பாதி என்று வைத்தால், கன அளவு பை பன்னிரண்டில் ஒன்று பெருக்கல் ஆழத்தின் கனம். காலத்தைப் பொறுத்து அதை வகையிட்டுவிட்டு, பிறகு 4 போட்டால் 16 சென்டிமீட்டர். ஆழம் 2-ல் அதே குழாய்க்கு 64.

"தண்ணி அதே அளவுதானே விழுது, வேகம் ஏன் குறையுது?" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை அணைக்குக் கூட்டிப்போனேன். நந்தி மலைப் பக்கம் பிறந்து, பெங்களூருவின் கழிவையும் வாங்கிக்கொண்டு வரும் தென்பெண்ணை, நுரை பொங்க மதகில் விழுந்தது. அவள் மூக்கைப் பொத்திக்கொண்டாள். இந்தப் பக்கம் தண்ணீர் கரைகளின் மேல் அகலப் பரந்து கிடந்தது. அடியில் குறுகல், மேலே விரிவு. அதே வரத்துக்குக் கீழே ஓரடி சீக்கிரம் ஏறும், மேலே ஓரடிக்கு நேரம் பிடிக்கும் என்றேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள்.

அங்கே வைத்துத்தான் சொன்னேன். அந்தக் கணக்கில் போன மதிப்பெண்ணோடு என் இன்ஜினீயர் ஆசையும் போய், எழுத்தர் வேலைக்கு வந்தேன் என்று. அவள் பாட்டியிடம்கூட நான் சொன்னதில்லை.

"நீங்களும் இதே தப்பா தாத்தா?" சிரித்துவிட்டாள். எனக்கும் சிரிப்பு வந்தது.

வீட்டுக்கு வந்ததும் அடுத்த கணக்கை எடுத்தாள். சுவரில் சாய்ந்து வழுக்கும் ஏணி. படம் போட்டு, இரண்டு பக்கத்துக்கும் எழுத்து மட்டும் போட்டுவிட்டு, என்னை நிமிர்ந்து பார்த்தாள். எண் எதுவும் இன்னும் எழுதவில்லை.